நான்கு சீட்டு, மூன்று சத்தம்

நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் பழைய ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். உள்ளாட்சித் தேர்தல் வேலைக்குப் புது ஆட்களைத் தயார் செய்கிறார்களாம். பாதிப் பேர் ஓட்டு மெஷினைத்தான் பார்த்திருக்கிறார்கள், வாக்குச்சீட்டைக் கையால் தொட்டதே இல்லையாம். "மேடம், உங்க அனுபவத்த ஒரு வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க, குரூப்ல போட்டுடறோம்" என்றாள். நான் பேச ஆரம்பித்தால் நடுவில் யாரையாவது திட்டிவிடுவேன், அது என் சுபாவம். அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் தேர்தல் பிரிவுக்கு வரவே வேண்டாம்.

வேலைக்கு வந்த கதையை நீட்டப் போவதில்லை. அப்பா சோழவரம் ஏரிக்குக் கீழே அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அண்ணன்கள் இருவரும் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு ஷிப்டு போனார்கள். நான் பரீட்சை எழுதி இளநிலை உதவியாளர் ஆனேன். இரண்டு வருடம் தபால் பதிவேடு, மூன்று வருடம் தொகுப்பு வீடு, பிறகு தேர்தல் பிரிவு. அந்தப் பிரிவை யாரும் கேட்டு வாங்குவதில்லை. எஸ்தர் வாயாடி, அவள் சமாளிப்பாள் என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். தள்ளியவர்கள் நன்றாக இருக்கட்டும். அங்கேதான் ரங்கநாதன் சார் எனக்கு மேலதிகாரியாக இருந்தார்.

சாருக்குத் திருவள்ளூர். கோயில் கைங்கர்யம் செய்யும் குடும்பம். நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு, சட்டைப் பையில் சீவிய பென்சில். சரித்திரத்தில் எம்.ஏ. படித்தவர். யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. தப்பாக எழுதிக்கொண்டு போனால் தாளைத் திருப்பி நம் பக்கமே நகர்த்தி, "இன்னொரு தடவ படிச்சுப் பாரும்மா" என்பார். அவ்வளவுதான். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மற்ற அதிகாரிகளின் பயிற்சி வகுப்பு சட்டப் பிரிவில் ஆரம்பிக்கும். இவருடையது இங்கிலாந்தில் ஆரம்பிக்கும்.

"இருநூறு வருஷம் முன்னாடி அங்க எலெக்‌ஷன் எப்படி நடக்கும் தெரியுமோ? ஊர் நடுவுல மரத்துல மேடை போட்டிருப்பா. ஓட்டு இருக்கறவன் அது மேல ஏறி, என் ஓட்டு இன்னாருக்குன்னு எல்லார் காதுலயும் விழறாப்பல சொல்லணும். கீழ ஜமீன்தாரோட ஆள் நோட்டும் கையுமா நிப்பான். போட்டி இருக்கற ஊர்ல சாராயக் கடை வாரக்கணக்கா தெறந்திருக்கும், பில்லு வேட்பாளர் தலையில. மாத்திச் சொன்னவன் மறுநாளே குடியிருக்கற வீட்டக் காலி பண்ணணும்."

ஏதோ போன வாரம்தான் அங்கே போய் வந்தவர் போலச் சொல்வார். ஒரு கை விரல் அளவுக்கு ஓட்டு உள்ள ஊருக்கு இரண்டு பார்லிமெண்ட் மெம்பர் இருந்ததும், மில்லும் ஜனமுமாக நெரிந்த ஊருக்கு ஒருவர்கூட இல்லாததும், நிலத்தை விற்றால் மெம்பர் பதவியும் கூடவே கைமாறியதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெள்ளைக்காரன் என்றால் எல்லாம் ஒழுங்காக இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வகுப்பில், ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த வயதான எழுத்தர் ஒருவர் எழுந்து, "இன்னா சார், நம்ம ஊரு கதை மாதிரியே கீது" என்றார். எல்லோரும் சிரித்தோம். சார் சிரிக்கவில்லை.

"அதுக்குத்தான் சொல்றேன். காசு குடுத்தா, வாங்கினா, அது ஒரு தப்பு. அதவிடப் பெரிசு, வாங்கினவன் சொன்னபடி போட்டானான்னு பாக்க ஒரு கண்ணு இருந்தது. அந்தக் கண்ணு இல்லேன்னா குடுத்த காசுக்கு உத்தரவாதம் இல்ல. அதுக்காகத்தான் பின்னாடி மறைச்சு ஓட்டுப் போடற வழக்கம் வந்தது. உங்க பூத்துல வெக்கற அட்டை மறைப்பு இருக்கே, நீங்க அதுக்குத்தான் காவல். பெட்டிக்குப் போலீஸ்காரா இருக்கா."

பிறகு செய்முறை. கிராமத்து வாக்காளருக்கு நான்கு சீட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சள். ஒவ்வொரு சீட்டின் பின்பக்கமும் சாவடியின் தலைமை அலுவலர் கையெழுத்துப் போட வேண்டும். கொடுப்பதற்கு முன்னால் சீட்டை நெட்டுவாக்கில் ஒரு மடிப்பு, பிறகு குறுக்கே ஒரு மடிப்பு மடித்து, பிரித்துக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் வாக்காளர் அதே மடிப்பில் மடிப்பார், முத்திரை மை இன்னொரு சின்னத்தின் மேல் ஒட்டிச் சீட்டு செல்லாமல் போகாது. இந்த மடிப்பை எங்களைக் கொண்டு நூறு தடவை செய்ய வைத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. துணி மடிக்கிற வேலைக்கா பரீட்சை எழுதினேன் என்று பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தேன்.

இன்னொன்றும் சொல்லித் தந்தார். மறைப்புக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது, ஆனால் காதை மூடிக்கொள்ளச் சொல்லி எந்த விதியும் இல்லை. ரப்பர் முத்திரையை மேசையில் வைத்துக் குத்தினால் டக் என்று கேட்கும். நான்கு சீட்டு என்றால் நான்கு சத்தம். "குறைஞ்சா கிழவி ஒருத்தி ஒரு சீட்ட விட்டிருப்பா, தப்பில்ல. தொடர்ந்து குறைஞ்சா யோசி."

என் முதல் தேர்தல் பணி ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம். காலை ஏழு மணிக்கு ஒரு வேட்பாளர் வீட்டிலிருந்து சுடச்சுட இட்லி, வடை, பொட்டலம் பொட்டலமாக வந்தது. முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு நான் எதுவும் சாப்பிடவில்லை. பொட்டலத்தைப் பிரித்து வைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து சார் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"யார் வீட்டு நாஷ்டா?" என்று கேட்டார். பதில் சொன்னேன். ஜீப்புக்குப் போய்த் தன்னுடைய தயிர்சாதத்தைக் கொண்டு வந்தார். டப்பாவின் மூடியில் பாதியைப் போட்டு என் முன்னால் வைத்தார். மாவடு ஒன்றே ஒன்று இருந்தது, அதையும் எனக்கே வைத்தார். என் சாதி என்ன, மதம் என்ன என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். எங்கள் அப்பாவுக்குக் கொட்டாங்கச்சியில் தண்ணீர் ஊற்றிய காலத்தை நான் வீட்டில் கேட்டு வளர்ந்தவள். அந்த மூடியை என்னால் மறக்க முடியாது. இட்லிப் பொட்டலத்தைத் திருப்பி அனுப்பினேன்.

இனி என் வேலையிலேயே கஷ்டமான நாளுக்கு வருகிறேன்.

தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையைச் சுற்றி இருக்கிற கிராமங்களில் ஒன்று. பெயர் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூட அறையில் வாக்குச்சாவடி, நான்தான் தலைமை அலுவலர். ஊர்த் தலைவர் பதவிக்குக் கடும் போட்டி. நின்றவர்களில் ஒருவருடைய மச்சான், கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் காண்டிராக்டர். அந்த ஊர்ப் பெண்கள் பலர் அவர் மூலமாகத்தான் கம்பெனியில் கூட்டுவது, துடைப்பது, பெட்டி அடுக்குவது என்று வேலை பார்த்தார்கள்.

காலை நன்றாகத்தான் போனது. பத்து மணி வாக்கில் என் காதில் ஏதோ இடறியது. ஒரு பெண் மறைப்புக்குள் போனாள். டக், டக், டக். வெளியே வந்துவிட்டாள். நடுவில் இரண்டு பேர் நான்கு குத்தினார்கள். அடுத்து வந்தவள் மறுபடி மூன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொருத்தி, அவளும் மூன்றுதான். ஆனால் மூவருமே பெட்டியில் நான்கு சீட்டு போட்டார்கள். அதில் இளஞ்சிவப்புச் சீட்டு மட்டும் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியிருந்தது. நாங்கள் கொடுத்தது இரண்டே மடிப்பு. அது பலமுறை மடித்து, வியர்வையில் நைந்து போயிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எவளோ ஒருத்தி காலையிலேயே தலைவருக்கான சீட்டை மட்டும் குத்தாமல் வெளியே எடுத்துப் போயிருக்கிறாள். வெளியில் இருக்கிற ஆள் அதில் தனக்கு வேண்டிய சின்னத்தில் முத்திரை குத்தி அடுத்தவளிடம் கொடுப்பான். அவள் உள்ளே வந்து அதைப் பெட்டியில் போட்டுவிட்டு, நாங்கள் கொடுக்கும் புதுச் சீட்டை அப்படியே மறைத்து வெளியே கொண்டு போவாள். அவன் அதில் குத்தி அதற்கடுத்தவளிடம் கொடுப்பான். ஒரே ஒரு சீட்டை வைத்துக்கொண்டு ஒரு தெருவையே போட வைக்கலாம். அட்டை மறைப்பு இருந்தும் சார் சொன்ன அந்தக் கண்ணு எங்கள் சாவடிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

என்ன செய்யலாம் என்று யோசித்தேன். மீதி இருந்த இளஞ்சிவப்புச் சீட்டுகளில் என் கையெழுத்துக்குக் கீழே சின்னதாக ஒரு கோடு போட்டேன். பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "மடிச்சபடியே பின்பக்கத்த எனக்குக் காட்டிட்டுப் போடுங்க" என்று எல்லோரிடமும் சொன்னேன். வேட்பாளர்களின் முகவர்கள் ஏன் என்று கேட்டார்கள். வேலை செய்ய விடுங்கள் என்று ஒரு அதட்டல் போட்டேன். கோடு இல்லாத சீட்டு வந்தால், அது வெளியில் போய் வந்த சீட்டு.

பத்துப் பன்னிரண்டு பேர் போட்ட பிறகு பச்சையம்மா வந்தாள். அப்போது எனக்கு அவள் பெயர் தெரியாது. முப்பத்தைந்து வயது இருக்கும், கம்பெனிச் சட்டையைப் புடவை மேல் போட்டிருந்தாள். உள்ளே போனாள். மூன்று சத்தம். வெளியே வந்து மூன்று சீட்டைப் போட்டாள். நான்காவதைக் காட்டச் சொன்னேன். காட்டினாள். என் கையெழுத்து இருந்தது, கோடு இல்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "நில்லுடி" என்று கத்தி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் சீட்டோடு விரல்களை இறுக்கிக்கொண்டாள். எதிர்த்தரப்பு முகவர் குதித்து எழுந்தார்.

"புடிங்க மேடம். போலீசுல குட்த்துடுங்க. ரெண்டு நாளு உள்ள கெடந்தாதான் இதுங்களுக்குப் புத்தி வரும்."

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"கேட் பாஸு காண்டிராக்டு ஆளுங்க கையில கீதும்மா. புதுசு மாத்தித் தரணும்னு வெள்ளிக்கெழமையே எல்லாத்தையும் வாங்கிக்கினாங்க. குத்தாத சீட்ட எடுத்துக்கினு போனாதான் குடுப்பாங்களாம். பாஸு இல்லன்னா நாளைக்கு உள்ள வுட மாட்டான். ரெண்டு பசங்க படிக்குதும்மா."

என் கோபம் பொசுக்கென்று போய்விட்டது. 'டி' போட்டுக் கூப்பிட்டதற்கு வெட்கமாக இருந்தது. பிடித்த கையை விட்டுவிட்டேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான் என்று அந்த நிமிடமே தெரிந்தது. பெட்டியின் வாய் அவளுக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. போட்டுவிட்டு ஓடியிருந்தால் எந்த அத்தாட்சியும் இருந்திருக்காது, அவளுக்குப் பாஸ் கிடைத்திருக்கும்.

அவள் போடவில்லை. விரல்களைத் திறந்து அந்தச் சீட்டை என் மேசைமேல் வைத்தாள். நாங்கள் கொடுத்த புதுச் சீட்டையும் இடுப்பிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பிறகு சுவரோரமாகப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த மண்டலத்துக்கு ரங்கநாதன் சார்தான் அதிகாரி. போன் செய்தேன். அவர் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை வாக்குப்பதிவை நிறுத்தவில்லை. மூன்று சத்தம் அதன் பிறகு வரவேயில்லை. சங்கிலி அறுந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. எத்தனையோ வருட அனுபவசாலிகள் கோட்டைவிட்டதை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று மனசுக்குள்ளேயே எனக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தேன்.

சார் வந்தார். இரண்டு சீட்டையும் தொடாமல் குனிந்து பார்த்தார். பச்சையம்மாவிடம் பெயர் கேட்டார், தண்ணி குடிச்சீங்களாம்மா என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சாவடி நாட்குறிப்புல எழுதணும். நீ பிடுங்கினியா, அவங்க குடுத்தாங்களா?"

"கையப் புடிச்சுதான் சார் வாங்குனாங்க, நான் பாத்தேன்" என்றார் எதிர்த்தரப்பு முகவர்.

"அவர நான் கேக்கல. உன்னக் கேக்கறேன்."

பிடுங்கினேன் என்றால் அவள் குற்றவாளி. வெளிச்சீட்டோடு கையும் களவுமாகப் பிடிபட்டவள், வழக்கு, கோர்ட்டு, வேலை போய்விடும். பிடித்தவள் என்று எனக்குப் பாராட்டு. கொடுத்தாள் என்றால் அவள் புகார் கொடுத்தவள், நான் சும்மா வாங்கி வைத்தவள். மனசைத் திறந்து சொல்கிறேன், எனக்கும் அந்தப் பாராட்டு வேண்டியிருந்தது.

சார் பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார். நாட்குறிப்பை என் பக்கமாக நகர்த்தினார். "நடந்தத நடந்தபடி எழுதும்மா" என்றார்.

நடந்தது எனக்குத் தெரியும். மணிக்கட்டைப் பிடித்தேன். விட்டேன். விட்ட பிறகு அவளாகத்தான் வைத்தாள். வரிசை மாறாமல் அப்படியே எழுதினேன். சார் படித்தார். திருப்பித் தரவில்லை. என் வேலைக்காலத்தில் அவர் முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்ட தாள் அது ஒன்றுதான்.

பிள்ளைகளே, அடுத்து அவர் செய்ததை நன்றாகக் கவனியுங்கள். வெளியிலிருந்து வந்த சீட்டை உறையில் போட்டு முத்திரை வைத்தார். மற்றதைப் பச்சையம்மாவிடம் நீட்டினார். "இது உங்களுக்குக் குடுத்த சீட்டு. இன்னும் சாவடியவிட்டு வெளில போகல. உங்க ஓட்டு உங்ககிட்டதான் இருக்கு. போய்ப் போட்டுட்டு வாங்கோ." அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். வெகு நேரம் வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள். சார், "அவசரப்படாதீங்கோ" என்று வரிசையைப் பார்த்துச் சொன்னார்.

அவள் போட்டு முடித்ததும் வாக்குமூலம் எழுதி வாங்கினார். இன்ஸ்பெக்டரை அழைத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் பக்கத்தில் நின்ற வேனுக்குப் போனார். முன் சீட்டில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய கேட் பாஸ் கட்டு இருந்ததாம். எங்களுடையது போலவே ஒரு முத்திரையும் மை அட்டையும்கூட இருந்தன. பாஸ்கள் கம்பெனியின் சொத்து என்று எழுதி, மறுநாள் காலை ஷிப்டுக்கு முன்னால் கம்பெனி வாசலிலேயே போலீஸ் மூலமாக ஒவ்வொருவர் கையிலும் கிடைக்கும்படி செய்தார். காண்டிராக்டர் மேல் வழக்குப் பதிவானது. தேர்தலில் யார் ஜெயித்தார் என்று கேட்பீர்கள். சொன்னால் ஊர் தெரிந்துவிடும்.

எனக்கு மாவட்ட அளவில் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். அதில் என் பெயர் மட்டும் இருப்பது பல வருடம் எனக்கு உறுத்தவில்லை. போன மாதம் உறுத்தியது.

ஊத்துக்கோட்டை சந்தையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். எதிர் சீட்டில் இருந்த பெண், "பூத்து மேடம்தான?" என்றாள். முடி நரைத்திருந்தது, ஆனாலும் முகம் தெரிந்தது. பச்சையம்மா. கேட் பாஸ் திரும்பிக் கிடைத்தது அல்லவா, எல்லாம் நல்லபடியாகத்தானே இருந்தது என்று உரிமையோடு கேட்டேன்.

"பாஸு கெட்ச்சுதும்மா. ஒரு மாசம் போனேன். அப்பால வேலை இல்லன்னு நிறுத்திட்டாங்க. அஞ்சு மாசம் ஊட்லதான். காட்டு வேலைக்கும் போனேன், கெடைக்கற நாளு. பெரியவன் ஒரு வருசம் படிப்ப வுட்டுட்டான். அப்பால வேற காண்டிராக்டு வந்து சேத்துக்கினாங்க. இப்ப பெரியவனும் கம்பெனிக்குப் போறான், சின்னது காலேஜ்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். இத்தனை வருடம் அந்தக் கதையைச் சொல்லி நான் பேர் வாங்கிக்கொண்டிருந்தேன், விலை கொடுத்தது இவள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வந்து, நன்றி என்றுதான் வாயில் வந்தது. அந்தச் சீட்டை மேசையில் வைத்ததற்கு உனக்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை, பச்சையம்மா என்றேன். என் மேல் கோபம் இல்லையா என்றும் கேட்டேன்.

"இருந்துச்சும்மா. அஞ்சு மாசமும் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி எத்தினி தபா ஓட்டுப் போட்டிருப்பேன். ஒருத்தர் சத்தியம் வாங்குவாங்க, ஒருத்தர் ஊட்டுக்காரர்கிட்ட சொல்லி அனுப்புவாங்க. அன்னிக்குத்தான் உள்ள நின்னு, யாருக்குக் குத்தலாம்னு நானா ரோசனை பண்ணேன்."

ஆட்டோ அவள் ஊர் முனையில் நின்றது. பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"யாருக்குப் போட்டேன்னு எங்க ஊட்டுக்காரர் இன்னும் கேட்டுக்கினே கீறாரு. சொல்லவே இல்ல" என்று சொல்லிச் சிரித்தாள்.

நானும் கேட்கவில்லை.